காஃப்கா கேக் சுடுகிறார், கொசு வேலைக்குப் போகிறது

வாரத்துக்கு இரண்டு சிரிப்பு தயாராக வேண்டும். ஒன்று நாவல் வாசிக்கிறவர்களுக்கு. இன்னொன்று அணுவையும் அண்டத்தையும் ஆராய்கிறவர்களுக்கு. இரண்டு கூட்டமுமே லேசில் ஏமாறாத கூட்டம்! லண்டனில் வசிக்கும் டாம் கால்ட் பல வருடங்களாக இந்த வேலையைத்தான் செய்துவருகிறார். 'கார்டியன்' நாளிதழின் புத்தகப் பக்கத்துக்கு ஒரு கார்ட்டூன், 'நியூ சயின்டிஸ்ட்' வார இதழுக்கு ஒரு கார்ட்டூன்.

இந்த மாதிரிச் சிரிப்பு எப்படித் தயாராகிறது? வாசல் வழியாகப் போனால் படம் மட்டும்தான் தெரியும். வாருங்கள், கொல்லைப்புறமாகப் போய் எட்டிப் பார்ப்போம். மொத்தம் மூன்று மேசைகள். மூன்றிலும் ஒரே ரகசியம்தான் ஒளிந்திருக்கிறது: ஒரு விஷயத்தை வைத்து நன்றாகச் சிரிக்க வைக்க வேண்டுமானால், அந்த விஷயத்தை உயிராக நேசித்திருக்க வேண்டும். கட்டத்துக்குள் ஒரு வரி, கட்டத்துக்கு வெளியே ஒரு மலை அளவு வாசிப்பு!

முதல் மேசை: லண்டன்

டாம் கால்ட் ஸ்காட்லாந்துக்காரர். 1976-இல் பிறந்து, அபர்டீன்ஷயர் பகுதியில் வளர்ந்தவர். எடின்பரோ கலைக் கல்லூரியில் படித்துவிட்டு லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டுக்கு வந்தார். அங்கே உடன் படித்த சிமோன் லியாவுடன் சேர்ந்து 'கபனான் பிரஸ்' என்றொரு குட்டிப் பதிப்பகம் தொடங்கினார். யாரோ வந்து கூப்பிடட்டும் என்று காத்திருக்காமல், தங்கள் காமிக்ஸைத் தாங்களே அச்சிட்டு விற்றார்கள் இருவரும்.

2005-இல் 'கார்டியன்' வாய்ப்பு வந்தது. முதலில் கிடைத்த இடம், புத்தகப் பகுதியின் வாசகர் கடிதப் பக்கம். கடிதத்தில் எந்தச் சர்ச்சை ஓடுகிறதோ அதற்கேற்ப அவர் படம் போட வேண்டும். இந்த வாரம் எந்த எழுத்தாளர் வந்து நிற்பார், எந்த இலக்கணச் சண்டை மூளும் என்று முன்கூட்டித் தெரியாது. ஒரு கார்ட்டூனிஸ்ட்டுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் அமையுமா!

அவருடைய வேலை நோட்டுப் புத்தகத்தில் ஆரம்பிக்கிறது. சொற்கள், குட்டிக் கட்டங்கள், கிறுக்கல்கள். அதில் ஒன்று உயிர் பிடித்ததும் பென்சில். பென்சிலுக்குமேல் மை. கடைசியில் கணினியில் வண்ணம். முடிந்து வருகிற படத்தைப் பாருங்கள்: சின்னத் தலை, புள்ளிக் கண், பல நேரங்களில் வாயே கிடையாது. நெருக்கமாக இழைத்த கோடுகளில் அவருக்குப் பிடித்த ஓவியர் எட்வர்ட் கோரியின் சாயல் தெரியும். இந்த உணர்ச்சியற்ற முகத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. படத்தில் இருக்கிறவர் பல்லைக் காட்டினால் நமக்குச் சிரிப்பு வராது. அவர் பாட்டுக்குச் சாந்தமாக நிற்கிறார். அவர் சொல்வது அநியாயத்துக்கு விசித்திரமாக இருக்கிறது. நாம் வெடித்துச் சிரிக்கிறோம்.

எனக்கு மிகப் பிடித்த ஒன்று: ஒரு பக்கம் 'உயர்ந்த இலக்கியம்' முறைத்துக்கொண்டு நிற்கிறது. அறிவியல் புனைகதையோ முதுகில் ஜெட் எந்திரத்தை மாட்டிக்கொண்டு, உங்களுக்கெல்லாம் என்மேல் பொறாமை என்கிறது. அவ்வளவுதான் படம்! ஆனால் அறிவியல் புனைகதையை இலக்கியப் பந்தியில் உட்கார வைக்கலாமா என்று விமர்சகர்கள் எத்தனை காலமாகச் சண்டை போட்டிருக்கிறார்கள்? அந்த வழக்கு முழுவதையும் ஒரே கட்டத்தில் வாதாடி ஜெயித்துவிட்டார் கால்ட். 2013-இல் வந்த அவருடைய தொகுப்புக்கு இந்தப் படத்தின் வசனமே தலைப்பு.

இருண்ட கதைகள் எழுதிய காஃப்காவை அவர் எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார் தெரியுமா? சமையல் நிகழ்ச்சியில்! கேக் செய்து காட்டுகிறார் காஃப்கா. பளபளக்கும் சமையலறையும் அவருடைய அடியாழத்து இருட்டும் உரசிக்கொள்கிற இடத்தில் பொறி பறக்கிறது. 'பேக்கிங் வித் காஃப்கா' என்ற அந்தத் தொகுப்பு 2017-இல் வெளியாகி, 2018-இல் சிறந்த நகைச்சுவை வெளியீட்டுக்கான ஐஸ்னர் விருதை வாங்கியது. காமிக்ஸ் உலகில் அது பெரிய கிரீடம்.

'நியூ சயின்டிஸ்ட்' படங்களில் ஆய்வகம் வருகிறது. கையில் குடுவையோடு உலகத்தை அழிக்கக் கிளம்பும் பைத்தியக்கார விஞ்ஞானி இவருக்கு வேண்டாம். வெள்ளை கோட்டுக்குள் இருக்கிற மனிதர்தான் வேண்டும்: அவருடைய ஆசை, போட்டி, ஆய்வுக் கட்டுரை பற்றிய பதற்றம். அந்தப் படங்களின் தொகுப்பு 2020-இல் வந்தது. விஞ்ஞானிகள் அந்தப் படங்களைத் தங்கள் கதவில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். அவர்களைச் சீண்டுகிற படமல்ல, அவர்களோடு உட்கார்ந்து டீ குடிக்கிற படம்.

இரண்டாவது மேசை: குச்சி மனிதர்களின் வானம்

அடுத்த மேசை அமெரிக்காவில். உட்கார்ந்திருப்பவர் ராண்டல் மன்ரோ. இயற்பியல் பட்டதாரி. நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் ரோபோ வேலை பார்த்தவர். படிக்கிற காலத்தில் நோட்டு ஓரத்தில் கிறுக்கியதையெல்லாம் ஸ்கேன் செய்து 2005-இல் இணையத்தில் ஏற்றினார். அதுதான் 'எக்ஸ்கேசிடி'. மனிதர்கள் எல்லாரும் குச்சி. தலை ஒரு வட்டம். முகமே கிடையாது. ஆனால் அந்தக் குச்சிகள் பேசுவது குவாண்டம் இயற்பியல், புள்ளியியல், காதல்!

இவருடைய மேசையில் நாம் பார்க்க வேண்டியது 'டைம்' என்ற ஒரே ஒரு படைப்பு. 2013 மார்ச் 25-ஆம் தேதி ஒரு படம் வந்தது. கடற்கரையில் இரண்டு குச்சி மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வசனம் இல்லை, நகைச்சுவையும் இல்லை. அரை மணி நேரம் கழித்து அதே இடத்தில் வேறு படம். அவர்கள் மணல் கோட்டை கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. பின்னர் மணிக்கு ஒன்று என்று வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. ஜூலை கடைசியில்தான் முடிந்தது. மொத்தம் 3,099 படங்கள்!

கதை என்ன? கடல்மட்டம் ஏறிக்கொண்டே வருகிறது. ஏன் என்று கண்டுபிடிக்க இருவரும் கிளம்புகிறார்கள். வழியில் ஓர் இரவு வருகிறது. மேலே நட்சத்திரங்கள் மெல்ல நகர்கின்றன. இங்கேதான் வாசகர்கள் துள்ளி எழுந்தார்கள். நட்சத்திரங்களின் இடத்தை வைத்துக் கணக்குப் போட்டார்கள். பூமியின் அச்சு மெல்லத் தலையாட்டிச் சுற்றுவதால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் வானம் இடம் மாறித் தெரியும் அல்லவா? அந்த மாற்றத்தை அளந்து, கதை இன்றிலிருந்து ஏறக்குறைய 11,000 ஆண்டுகளுக்குப் பின்னால் நடக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். விருச்சிகத்தின் சிவப்பு நட்சத்திரமான கேட்டை அந்த வானத்தில் இல்லை. அது வயதான நட்சத்திரம். அதற்குள் வெடித்திருக்கலாம் என்று மன்ரோ அதை அழித்துவிட்டிருந்தார். குச்சி மனிதனுக்கு மூக்கு வரையாதவர், வானத்தில் ஒரு நட்சத்திரத்தைக்கூடக் கவனிக்காமல் விடவில்லை!

கடல் ஏறுவதற்கும் காரணம் உண்டு. அது மத்தியதரைக் கடல். கதையில் அது ஒரு காலத்தில் வறண்டுபோன பள்ளம். இப்போது அட்லாண்டிக் உடைத்துக்கொண்டு உள்ளே வருகிறது. கற்பனையாகத் தோன்றினாலும், ஏறத்தாழ 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு இப்படி ஒரு வெள்ளம் புகுந்துதான் அந்தக் கடல் மீண்டும் நிறைந்தது என்று புவியியலாளர்கள் சொல்கிறார்கள். கதையின் நடுவில் வேற்று மொழி பேசும் மக்கள் வருகிறார்கள். அவர்களுக்காக ஒரு மொழியியலாளரின் துணையோடு புது மொழியே உருவாக்கினார் மன்ரோ. 2014-இல் சிறந்த படக்கதைக்கான ஹ்யூகோ விருது 'டைம்' படைப்புக்குப் போனது. மணல் கோட்டைக்குக் கிடைத்த மகுடம்!

மூன்றாவது மேசை: சியாட்டில்

கடைசி மேசைக்கு வரும்போது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இது கேரி லார்சனின் மேசை!

1950-இல் வாஷிங்டன் மாநிலத்தின் டகோமாவில் பிறந்தவர் லார்சன். அண்ணனும் தம்பியுமாகப் பல்லி, பாம்பு, தவளை என்று பிடித்து வளர்த்தவர்கள். பிறகு இசைக்கருவிக் கடையில் வேலை, அது பிடிக்கவில்லை. 1976-இல் சில நாள் விடுப்பெடுத்து உட்கார்ந்து வரைந்தார். ஆறு படங்களை 'பசிபிக் சர்ச்' என்ற இதழ் 90 டாலருக்கு வாங்கிக்கொண்டது. பிறகு 'சியாட்டில் டைம்ஸ்' வாரம் ஒரு படம் போட்டது. அதுவும் சிறுவர் புதிருக்குப் பக்கத்தில்! லார்சனின் இருண்ட நகைச்சுவையைக் குழந்தைகள் பக்கத்தில் பார்த்த பெற்றோருக்கு எப்படி இருந்திருக்கும்? புகார்கள் குவிந்தன, பத்திரிகை அந்தப் படத்தை நிறுத்தியது. அதற்குள் அவர் சான்பிரான்சிஸ்கோவுக்குப் போய் 'க்ரானிக்கிள்' நாளிதழைப் பிடித்துவிட்டார். 1980 ஜனவரி 1-ஆம் தேதி அதில் 'தி ஃபார் சைட்' என்ற கார்ட்டூன் தொடர் பிறந்தது. 1995-இல் அவர் பேனாவை மூடியபோது அது ஏறக்குறைய 1,900 பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தது.

ஒரே கட்டம். பெரும்பாலும் பசு, பாம்பு, பூச்சி, விஞ்ஞானி, குகை மனிதன். உள்ளே நடந்த கூத்துகளை லார்சனே பின்னாளில் ஒரு புத்தகத்தில் திறந்து காட்டியிருக்கிறார். ஒரு முறை ஆண் கொசு ஒன்றை வரைந்தார். வேலை முடிந்து களைத்து வீடு திரும்பி, பாதி நாட்டுக்கு மலேரியா பரப்பிவிட்டேன் என்று மனைவியிடம் அலுத்துக்கொள்கிறது. வந்தன பாருங்கள் கடிதங்கள்! கடிப்பது பெண் கொசு மட்டும்தான் ஐயா. ஆண் கொசு பூந்தேன் குடித்துப் பிழைப்பது. கொசுவுக்கு வீடு இருப்பதையோ அது சட்டை போட்டிருப்பதையோ யாரும் தப்பென்று சொல்லவில்லை! இந்த வாசகர்களை நான் கொண்டாடுகிறேன். கற்பனைக்கு எல்லையில்லாத அனுமதி கொடுக்கிறார்கள்; உண்மைக்கு மட்டும் கணக்குக் கேட்கிறார்கள். அறிவியல் நகைச்சுவையின் சட்டமே இதுதான்.

1982-இல் இன்னொரு கலவரம். ஒரு பசு, முன்னால் மேசை, மேசைமேல் நான்கு விநோதப் பொருள்கள். 'பசுவின் கருவிகள்' என்று தலைப்பு. பசு கருவி செய்தால் அது எதற்கும் உதவாத மொக்கையாகத்தானே இருக்கும் என்பதுதான் அதன் வேடிக்கை. ஆனால் ஒரு கருவி மட்டும் ரம்பம் போலத் தெரிந்துவிட்டது. ஒன்று ரம்பம் என்றால் மற்ற மூன்றும் என்ன என்று நாடே மண்டையைக் குடைந்துகொண்டது. தொலைபேசி ஓயாமல் அடித்தது. கடைசியில் லார்சன் விளக்க அறிக்கையே விட வேண்டியதாயிற்று. ஒரு கோடு அதிகம் தெளிவாக இருந்தால் ஒரு நகைச்சுவை எப்படித் தடம் புரளும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம்.

1987-இல் சிம்பன்சி ஆராய்ச்சியாளர் ஜேன் குடால் விவகாரம். மரத்தில் இரண்டு சிம்பன்சிகள். மனைவி கணவன் உடம்பில் ஒரு பொன்னிற முடியைக் கண்டுபிடித்து, அந்த ஜேன் குடாலோடு மறுபடி 'ஆராய்ச்சி'யா என்று குத்திக்காட்டுகிறது. குடால் நிறுவனத்திலிருந்து கோபமான வக்கீல் கடிதம் பறந்தது. ஆப்பிரிக்காவிலிருந்த குடாலுக்கு விஷயம் தெரிந்தபோது அவரோ விழுந்து விழுந்து சிரித்தார்! அந்தப் படம் போட்ட டீ-ஷர்ட் விற்ற லாபம் குடாலின் நிறுவனத்துக்கே போனது. லார்சனின் தொகுப்பு ஒன்றுக்கு அவர் முன்னுரையும் எழுதினார். குடால் ஆராய்ச்சி செய்த கோம்பே காட்டுக்கு லார்சன் நேரில் போனபோது ஃப்ரோடோ என்ற முரட்டு சிம்பன்சி அவரைப் பிடித்து உலுக்கி எடுத்தது.

ஆந்தைகளின் உடம்பில் வாழும் ஒரு பேன் இனத்துக்கு விஞ்ஞானி டேல் கிளேட்டன் லார்சனின் பெயரை வைத்தார். பேனுக்குப் பெயர் வைத்தால் மரியாதையா என்று கேட்காதீர்கள். உயிரியல் பெயர்ப் பட்டியலில் ஒருவரைச் சேர்த்துவிட்டால் அவர் அந்த வீட்டுப் பிள்ளை!

2020-இல், கால் நூற்றாண்டு கழித்து, லார்சன் மறுபடி வரைய ஆரம்பித்தார். காரணம், அடைத்துப்போன பேனா! ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வரைய எடுக்கும்போதெல்லாம் அது மக்கர் செய்தது. வெறுத்துப்போய் டிஜிட்டல் பலகை வாங்கினார். தொட்டதும் பழைய குஷி திரும்பிவிட்டது.

அவர் மேசையின் உச்சமான படத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். 1982. குகை மனிதர்களுக்கு வகுப்பு நடக்கிறது. திரையில் ஸ்டெகோசாரஸ் டைனோசரின் முள்வால். அந்த முள்கொத்துக்கு 'தாகோமைசர்' என்று பெயர், காலஞ்சென்ற தாக் சிம்மன்ஸ் நினைவாக என்று விளக்குகிறார் ஆசிரியர். தாக் எப்படிக் காலமானார் என்று சொல்லவே வேண்டாம்! டைனோசர்கள் அழிந்து ஆறு கோடி ஆண்டுகளுக்குப் பிறகே மனிதன் வந்தான் என்பது லார்சனுக்கு நன்றாகத் தெரியும். இரண்டையும் ஒரே படத்தில் வரைகிறவர்களுக்குப் பாவமன்னிப்புக் கூண்டு வேண்டும் என்று எழுதியவரே அவர்தான்.

ஆனால் அந்த முள்கொத்துக்கு உண்மையிலேயே அறிவியலில் பெயர் இருக்கவில்லை. 1993-இல் தொல்லுயிரியலாளர் கென் கார்ப்பென்டர், ஸ்டெகோசாரஸ் எலும்புக்கூடு பற்றி மாநாட்டில் பேசும்போது 'தாகோமைசர்' என்ற சொல்லையே எடுத்துப் போட்டார். சொல் ஒட்டிக்கொண்டது. டைனோசர் நூல்களிலும் ஏறிவிட்டது. 2005-இல் கார்ப்பென்டரும் சகாக்களும் அல்லோசாரஸ் ஒன்றின் வால் எலும்பில் ஒரு துளையை ஆராய்ந்தார்கள். ஸ்டெகோசாரஸின் வால்முள் அதில் கச்சிதமாகப் பொருந்தியது. வால்முள் ஆயுதமே என்பதற்கு அது வலுவான சான்று. கட்டத்துக்குள் வேடிக்கையாகச் சொன்னதைப் பாறைக்குள் கிடந்த எலும்பு ஆமோதித்தது!

இதனால்தான் இந்த மூன்று பேரையும் நான் இப்படித் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறேன். காஃப்காவை வாசிக்காமல் காஃப்காவைச் சமையலறையில் நிறுத்த முடியாது. வானத்தை அறியாமல் ஒரு நட்சத்திரத்தை அழிக்க முடியாது. அடுத்த முறை புரியாத ஒரு கார்ட்டூன் எதிர்ப்பட்டால் புரட்டிவிட்டுப் போகாதீர்கள். அந்த ஒரு கட்டம் புரிய ஒரு புத்தகம் வாசிக்க வேண்டுமென்றால் வாசித்துவிட்டு வந்து சிரியுங்கள். அப்படிச் சம்பாதித்த சிரிப்பின் ருசியே தனி!