தகப்பனார் நோயைப் பாரத்தில் மறைக்காதீர்கள்

கடைக்காரருக்குப் பெரிய நோய் வந்தால் ஆஸ்பத்திரிச் செலவோடு நிற்காது. கல்லாவில் உட்கார ஆள் இருக்காது, மண்டிப் பாக்கி ஏறும், கைமுதல் கரையும். மெடிகிளைம் ஆஸ்பத்திரி பில்லுக்கு மட்டும்தான். கடும் நோய்க் காப்பீட்டில், மாரடைப்பு, புற்றுநோய், பக்கவாதம் என்று பாலிசியில் குறித்துள்ள நோய் வந்தால், நிபந்தனைப்படி தொகை மொத்தமாகக் கைக்கு வரும்.

இதற்கான பாரத்தில் பெற்றோர், உடன்பிறந்தோர் நோய்களையும் கேட்பார்கள். "இல்லை என்று போடுங்கள், பிரீமியம் குறையும்" என்று சொல்லும் ஏஜெண்டும் உண்டு. அதற்கு இணங்காதீர்கள். உண்மையை எழுதினால் பரிசோதனை கேட்கலாம், பிரீமியம் கூடலாம். ஒரு கம்பெனி மறுத்தால் இன்னொன்றைப் பார்க்கலாம். மறைத்தாலோ, பணம் தேவைப்படும் நாளில் கையை விரித்துவிடுவார்கள். சர்க்கரை நோயையும் சிறுநீரகக் கோளாறையும் மறைத்து எடுத்த ஒரு மெடிகிளைம் பாலிசிக்குப் பணம் தர மறுத்தது சரியே என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கவனிக்க வேண்டியவை:

1. பாரத்தை நீங்களே நிரப்புங்கள்; நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

2. பெரும்பாலான பாலிசிகளில் முதல் 90 நாளுக்குள் வரும் நோய்க்குப் பணம் இல்லை. நோய் உறுதியான பின் குறிப்பிட்ட நாட்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு.

3. பாலிசி கைக்கு வந்ததும் படியுங்கள். பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பித் தரலாம்.

4. 2024 விதிப்படி, 60 மாதம் விடாமல் கட்டிய மருத்துவப் பாலிசியை, மோசடி நிரூபணமானால் ஒழிய, மறைத்ததாகச் சொல்லி மறுக்க முடியாது.

குடும்பத்தில் நோய் உள்ளவர்கள், உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். நோய் வந்தபின் எந்தக் கம்பெனியும் எளிதில் தராது.