சீனி இறங்கினாலும் ஆபத்து



சீனி வியாதி என்றால் இரத்தத்தில் சீனி கூடுவது என்றுதான் நாம் எல்லோரும் அறிந்து வைத்திருக்கிறோம். ஆனால் அதற்கு மருந்து பாவிக்கும் ஒருவருக்குச் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கவும் கூடும். அப்போது பெரிதாகப் பாதிக்கப்படுவது மூளை. இதை வீட்டில் ஒருவராவது தெரிந்திருந்தால் ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.

இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்ற உறுப்பு இருக்கிறது. நாம் சாப்பிட்டதும் இரத்தத்தில் சீனி ஏறும். கணையம் அதை உணர்ந்து இன்சுலினைச் சுரக்கும். இன்சுலின் அந்தச் சீனியைத் தசைகளுக்குள் போகச் செய்யும், ஈரலில் சேமிக்கவும் செய்யும். வயிறு காலியாக இருந்தால் சுரப்பது தானாகவே குறைந்துவிடும்.

மூளை நம் உடம்பின் எடையில் 100க்கு 2 பங்குதான். ஆனால் சும்மா இருக்கும்போதே உடம்பு செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 பங்கை அது எடுத்துக்கொள்கிறது. சீனியைச் சேர்த்து வைக்க மூளைக்கு வழியில்லை. இரத்தத்தில் வர வரத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வரவு நின்றால் புத்தி தடுமாறும்.

1942இல் பிரான்சு நாட்டின் மொன்பெலியே நகரில் மார்செல் ஜான்போன் என்ற டாக்டர், நெருப்புக் காய்ச்சல் நோயாளிகளுக்கு ஒரு புதிய சல்பா மருந்தைக் கொடுத்தார். சிலருக்கு வலிப்பு வந்தது, நினைவு தப்பியது. இறந்தவர்களும் உண்டு. அவர்களுடைய இரத்தத்தில் சீனி மிகவும் இறங்கியிருந்தது. காரணத்தை அறிய ஒகுஸ்த் லூபாத்தியே என்ற ஆராய்ச்சியாளர் நாய்களுக்கு அம்மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். கணையம் உள்ள நாய்க்குச் சீனி இறங்கியது. கணையம் அகற்றப்பட்ட நாய்க்கு இறங்கவில்லை. ஆக, அந்த மருந்து கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது என்று தெளிவானது. டொல்பியூட்டமைட், கிளிபென்கிளமைட், கிளிக்ளசைட் போன்ற குளிசைகள் பின்னர் இந்த வழியில்தான் வந்தன.

இப்படியான குளிசை நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்ப்பதில்லை. அது பாட்டுக்கு வேலை செய்யும். விடியக்காலையில் குளிசையைப் போட்டுக்கொண்டு, வெறும் தேத்தண்ணியோடு மலை ஏறிக் கொழுந்து எடுத்தால் சீனி இறங்கத்தான் செய்யும். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே கதைதான். வயதானவர்களும் சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மெட்போர்மின் மட்டும் பாவிப்பவர்களுக்கு இது அபூர்வம்.

அறிகுறிகள் இவை: வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பசிக்கும், கண் மங்கும். பிறகு பேச்சு குழறும், நடை தள்ளாடும், காரணமில்லாமல் கோபம் வரும். பார்ப்பவர்கள் "தண்ணி போட்டிருக்கான்" என்பார்கள், இல்லாவிட்டால் "பேய் புடிச்சிருச்சு" என்பார்கள். சீனிக்கு மருந்து பாவிப்பவர் என்று தெரிந்தால் அப்படி நினைத்து நேரத்தைப் போக்காதீர்கள்.

செய்ய வேண்டியவை:

1. விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் உடனே 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள்.

2. 15 நிமிடம் பாருங்கள். குணம் தெரியாவிட்டால் மீண்டும் கொடுங்கள்.

3. தெளிந்ததும் ரொட்டியோ சோறோ சாப்பிட வையுங்கள். குளிசையின் வேகம் பல மணி நேரம் நிற்பதால் சீனி திரும்பவும் இறங்கலாம். எனவே டாக்டரிடம் காட்டுங்கள்.

4. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

இதை வாசித்துவிட்டு "எனக்கு இந்தக் குளிசையே வேணாம்" என்று யாரும் மருந்தை நிறுத்த வேண்டாம். சீனி கூடினால் கண், சிறுநீரகம், கால் எல்லாம் கெடும். மருந்தும் வேண்டும், நேரத்துக்குச் சாப்பாடும் வேண்டும். அடிக்கடி இப்படி நடந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள், அளவை மாற்றித் தருவார்கள். மலைக்குப் போகும்போது ஒரு சின்னப் பொட்டலம் சீனியை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவரிடமும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.