பெட்டியின் மேல் ஓர் எண்

சிகரெட்டு, பீடிப் பெட்டிகளின் மேல் அச்சம் தரும் படத்துடன் ஓர் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். 1800-11-2356 என்பதே அவ்வெண். 2018 ஆம் ஆண்டு முதல் அது பெட்டிகளில் இடம்பெற்று வருகிறது. படத்தைக் கண்டு முகம் சுளிப்போர் பலர்; எண்ணைப் படிப்போர் சிலரே.

புகைப்பழக்கத்தைக் கைவிட இயலாதவரை மனவுறுதி அற்றவர் என்று பழிப்பது எளிது. ஆனால், அது முறையன்று. புகையிலையில் உள்ள நிகோட்டின் சில நொடிகளில் மூளையை எட்டுகிறது. நாளடைவில் மூளை அதற்குப் பழகிவிடுகிறது. எனவே, புகைப்பதை நிறுத்தியவுடன் எரிச்சல், தலைவலி, உறக்கமின்மை ஆகியன தோன்றும். முதல் சில நாள்களே மிகக் கடினமானவை. துணை தேவைப்படுவதும் அப்போதுதான்.

அவ்வெண்ணை அழைக்கக் கட்டணம் இல்லை. மறுமுனையில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். எத்தனை ஆண்டுப் பழக்கம், எவ்வேளையில் வேட்கை மிகுகிறது என்பனவற்றைக் கேட்டறிவார். நிறுத்தும் நாளை அழைத்தவரையே குறிக்கச் செய்வார். பின்னர்த் தாமே அழைத்து நிலையை உசாவுவார். தேநீர்க் கடையில் நண்பர் நீட்டும் சிகரெட்டை மறுப்பது எப்படி என்பதும் பேச வேண்டிய செய்திதான்! வேட்கை பெரும்பாலும் சில நிமிடங்களே நீடிக்கும். அதுவரை தண்ணீரை மெல்லப் பருகலாம். சிறிது தொலைவு நடக்கலாம். இடையில் ஒருமுறை தவறியவரும் மீண்டும் நாள் குறிக்கலாம்.

இச்சேவை 2016 இல் தில்லி வல்லபாய் படேல் மார்புநோய் நிறுவனத்தில் தொடங்கப்பட்டது. தென்னாட்டு மொழிகளுக்கெனப் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் ஒரு மையம் உண்டு. அங்குத் தமிழிலும் பேசலாம். தில்லியிலோ நாகபுரியிலோ பணிபுரியும் தமிழர் தம் உள்ளத்து வருத்தத்தை அயல்மொழியில் சொல் தேடிச் சொல்ல வேண்டியதில்லை.