பதின்மூன்றாவது ரவுண்டு

தை பிறந்து மழை ஈரம் வடிந்ததும் மரக்காணம் உப்பளத்தில் முதலில் நடப்பது மிதிப்பு. மழையில் கரைந்து கிடக்கும் பாத்தியைச் சீர்செய்து, களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். தரை இறுகினால்தான் தண்ணீர் உள்ளே இறங்காது, வாரும்போது உப்பில் மண் ஏறாது. நாலைந்து பேர் வரிசையாக நின்று, குதிகாலை ஊன்றி, முன்பாதத்தைத் திருப்பி, அரையடி அரையடியாக நகர்வார்கள். என் பெரியப்பா அந்த மிதிப்பில் பேர் எடுத்தவர்.

1980 தொடக்கத்தில் முகமது அலி மெட்ராஸ் நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆட வந்தபோது, உப்பு லாரியில் தொற்றிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தவரும் அவர்தான். ஊர் திரும்பியவர் அலியின் கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "காலப் பாருங்கடா. குத்து அங்க இருந்துதான் வருது" என்றார். சாகும்வரை அதையே சொன்னார்.

இன்றைக்கு ஈ.சி.ஆர். டீக்கடையில் பையன்கள் கையில் போனை வைத்துக்கொண்டு அதே அலியை இன்றைய வீரர்களோடு மோதவிட இழுத்து வருகிறார்கள். 2021இல் பா.ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' படம் வந்த பிறகு இந்தப் பேச்சு கூடிவிட்டது. வடசென்னையில் இது புதிதல்ல. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்ற குத்துச்சண்டைப் பரம்பரைகளின் பெரியவர்கள் பழைய வீரர் கித்தேரி முத்துவை இன்னும் ரிங்கில் ஏற்றிப் பின்னால் வந்தவர்களோடு மோதவிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பையன்களுக்கு ஹெவிவெயிட்தான் வேண்டும். "டைசன் ஃபியூரி ஆறடி ஒன்பது அங்குலம்ணே. அந்தக் காலத்து மார்சியானோல்லாம் அவன் நெஞ்சு உயரம்தான். என்ன பண்ண முடியும்?"

கேள்வி நியாயமானது. ராக்கி மார்சியானோ 49 போட்டிகளில் ஒன்றுகூடத் தோற்காமல் 1956இல் ஓய்வுபெற்றவர். எடை 84 கிலோவைச் சுற்றித்தான். ஜாக் டெம்ப்சி 85 கிலோ. இன்றைய விதிப்படி 90.7 கிலோ வரை க்ரூஸர்வெயிட். இருவரையும் அப்படியே இன்று கொண்டுவந்து தராசில் நிறுத்தினால் ஹெவிவெயிட் பட்டியலிலேயே பேர் வராது. ஃபியூரி 2024 டிசம்பரில் ரியாத்தில் 127 கிலோவோடு ரிங் ஏறினார்.

ஆனால் அன்று அவரைத் தோற்கடித்தவர் அவரைவிட 25 கிலோ குறைந்த ஒலெக்சாண்டர் உசிக். அதே ஆண்டு மே மாதமும் அவரே ஜெயித்திருந்தார். எடை மட்டுமே தீர்ப்பு எழுதுவதில்லை என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சியும் உண்டு. 1919 ஜூலை 4, டொலிடோ நகரம். 111 கிலோ எடையும் ஆறரை அடி உயரமுமான ஜெஸ் வில்லர்டை டெம்ப்சி முதல் ரவுண்டிலேயே ஏழு முறை கீழே சாய்த்தார்.

அந்தச் சண்டையைப் படத்தில் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். விழுந்தவர் எழும்வரை டெம்ப்சி பக்கத்திலேயே நிற்கிறார். முழங்கால் தரையைவிட்டு எழுந்த மறுநொடி அடுத்த குத்து. எதிராளி விழுந்தால் தூர மூலைக்குப் போய் நிற்க வேண்டும் என்கிற விதி அன்று அங்கே இல்லை. 1927இல் சிகாகோவில் அந்த விதி இருந்தது. பழக்கத்தில் டெம்ப்சி, விழுந்த எதிராளி டன்னியின் தலைமாட்டிலேயே நின்றுவிட்டார். அவர் நகரும்வரை நடுவர் எண்ணத் தொடங்கவில்லை. டன்னிக்குச் சில நொடிகள் கூடக் கிடைத்தன. எழுந்து ஜெயித்தும் விட்டார். எட்டு ஆண்டு இடைவெளியில் அதே கை, அதே குத்து, ஆனால் விதி வேறு.

டெம்ப்சியைப் பற்றி எங்கள் ஊருக்குப் புரிகிற செய்தி ஒன்று உண்டு. தோல் கிழியாமல் தடிப்பதற்காக முகத்தையும் கைகளையும் உப்புநீரில் ஊறவைப்பாராம். உப்பு தோலை இறுக்கும் என்பது அளத்தில் நிற்பவர்களுக்குத் தெரியும். அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதும் தெரியும். பெரியப்பாவின் குதிகால் வெடிப்பில் அரிசிமணி நுழையும். ராத்திரி தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். உப்பு ஏறிய இடத்தில் எண்ணெய் பட்டதும் பல்லைக் கடிப்பார்.

இந்த 'யாரு பெரிய ஆளு' விளையாட்டை ஒருமுறை கணினியிடமே கொடுத்துப் பார்த்தார்கள். 1969இல் மயாமியில் மர்ரி வொரோனர் என்ற தயாரிப்பாளர் அலியையும் மார்சியானோவையும் ஒரு ஸ்டூடியோவுக்கு அழைத்தார். ராணுவத்தில் சேர மறுத்ததால் அலிக்கு அப்போது ரிங் கிடையாது, வயது 27. மார்சியானோவுக்கு 45. தொப்பையைக் கரைத்து, வழுக்கையை மறைக்க விக் வைத்துக்கொண்டு வந்தார். ஒரு நிமிட ரவுண்டுகளாக எழுபதுக்கு மேல் படம்பிடித்தார்கள். முடிவையும் பலவிதமாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். கணினி சொன்ன முடிவு 1970 ஜனவரி 20 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் ஓடியது: பதின்மூன்றாவது ரவுண்டில் மார்சியானோ நாக்அவுட்டில் வெற்றி. அதைப் பார்க்க மார்சியானோ இல்லை. படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களில், 46ஆவது பிறந்தநாளுக்கு முந்தின நாள், விமான விபத்தில் இறந்துபோனார்.

பதின்மூன்றாவது ரவுண்டு. நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிற இடம் இதுதான். 1952 செப்டம்பரில் ஜெர்சி ஜோ வால்காட்டிடமிருந்து மார்சியானோ பட்டத்தைப் பறித்ததும் பதின்மூன்றாவது ரவுண்டில்தான். அதுவரை மூன்று நடுவர்களின் கணக்கிலும் பின்தங்கியிருந்தார். இன்று அந்த ரவுண்டே கிடையாது. 1982இல் ரே மான்சினியோடு மோதிய தென்கொரிய வீரர் கிம் டுக்-கூ, பதினாலாவது ரவுண்டில் விழுந்து சில நாளில் உயிர்விட்ட பிறகு, உலக குத்துச்சண்டை கவுன்சில் பட்டப்போட்டியைப் பதினைந்திலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தது. மற்ற அமைப்புகளும் அந்தப் பத்தாண்டுக்குள் குறைத்தன. இன்றைய ரிங்கில் மார்சியானோ அன்று புள்ளிக்கணக்கில் தோற்று வீட்டுக்குப் போயிருப்பார். 49-0 என்ற கணக்கே இருந்திருக்காது.

அதனால் பையன்களிடம் நான் முதலில் கேட்பது, யாருடைய ரிங்கில் என்பதுதான். மார்சியானோவும் ஃபியூரியும் பன்னிரண்டு ரவுண்டு ஆடினால் ஃபியூரிதான். அந்தக் கைநீளத்தைத் தாண்டி உள்ளே புகவே மார்சியானோவுக்குப் பாதிச் சண்டை கழிந்துவிடும். டெம்ப்சியின் 1919 ரிங்கில், அந்தச் சின்னக் கையுறையோடு, விழுந்தவன் தலைமாட்டில் நிற்க அனுமதித்தால், ஃபியூரி முழுசாக இறங்கி வருவாரா என்று எனக்குச் சந்தேகம். அலியும் உசிக்கும்? இதைத்தான் மனசுக்குள் அதிகம் ஆடிப் பார்த்திருக்கிறேன். உசிக் இடதுகைக்காரர். 1966இல் ஃபிராங்ஃபர்ட்டில் மில்டன்பெர்கர் என்ற இடதுகைக்காரரை முடிக்க அலிக்குப் பன்னிரண்டாவது ரவுண்டு வரை ஆனது. ஆகவே பன்னிரண்டு ரவுண்டு என்றால் மயிரிழையில் உசிக். பதினைந்து என்றால் அலி. அதில் எனக்குத் துளியும் ஐயம் இல்லை. சொல்லும்போதே உறுத்தவும் செய்கிறது. அந்த மூன்று ரவுண்டுகளைக் கேட்பது யார் உடம்பின்மேல் என்று தெரியாமலா கேட்கிறேன்? மணிலாவில் ஃப்ரேசியரோடு பதினாலு ரவுண்டு ஆடிய அலி, 42 வயதில் பார்க்கின்சன் நோயாளி.

அளத்திலும் காலம் வேலையின் விதிகளை இப்படித்தான் மாற்றியிருக்கிறது. அப்போது நாக்கில் ஒரு சொட்டு வைத்துத் தண்ணீரின் பக்குவம் சொன்னார்கள். இப்போது அடர்த்திமானியை மிதக்கவிட்டு 25 டிகிரி வந்ததா என்று பார்க்கிறார்கள். ஏற்றம் இறைத்த இடத்தில் மோட்டார். பெரியப்பா தலைச்சுமையாகக் கொட்டிய உப்பு டிராக்டரில் போகிறது. இன்றைய பையன் அந்தக் கூடையைத் தூக்குவானா என்று கேட்டுப் பெருமைப்பட எனக்கு மனம் வரவில்லை. தூக்க வேண்டாம் என்றுதான் பெரியப்பாவே ஆசைப்பட்டார். ஆனால் மிதிப்பு மட்டும் இன்னும் காலால்தான் நடக்கிறது.

மெட்ராஸில் அன்று அலியோடு ஆடியவர் ஜிம்மி எல்லிஸ். இருவரும் லூயிவில் நகரத்துக்காரர்கள், சிறுவயதிலிருந்தே ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள். அலியின் பட்டத்தைப் பறித்தபோது அதில் ஒரு பங்கை 1968இல் வென்றவர் எல்லிஸ். 1971இல் ஹூஸ்டனில் இருவரும் நிஜமாகவே மோதினார்கள். பன்னிரண்டாவது ரவுண்டில் நடுவர் நிறுத்தினார், அலி ஜெயித்தார். எல்லிஸ் 1975இல் பயிற்சியில் இடது கண் பார்வையை இழந்து ஓய்வுபெற்றார். ஐந்து வருஷம் கழித்து மெட்ராஸ் வெளிச்சத்தில் அந்த இருவரும் மறுபடி எதிரெதிரே நின்றபோது அலிக்கு 38, எல்லிஸுக்கு 39.

பெரியப்பாவுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. ஆனாலும் கேலரியில் அவ்வளவு தூரத்திலிருந்து ஒன்றைக் கவனித்திருந்தார். "அலி அந்தாளோட இடது பக்கமா வேகமா போகலடா. அவரு பாக்குற மாதிரியே நின்னு ஆடுனாரு" என்றார்.