ஈரம் காயுமுன் எழுந்துவிடுங்கள்

1909ஆம் ஆண்டு, மியூனிக் நகரம். நடனக் கலைஞர் அலெக்சாண்டர் சகாரோவ் மேடை ஒப்பனையும் சிவப்பு உடையுமாக, நண்பர் அலெக்சி யாவ்லென்ஸ்கியின் ஓவியக்கூடத்துக்கு வருகிறார். நடன நிகழ்ச்சிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. யாவ்லென்ஸ்கி பிரஷைக் கையில் எடுத்தவர், அரை மணி நேரத்துக்குள் நண்பரை வரைந்து முடித்துவிட்டாராம். வண்ணம் காயவில்லை. சகாரோவ் அப்படியே படத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். விட்டுவைத்தால் மறுபடி திருத்துகிறேன் என்று கெடுத்துவிடுவாரோ என்ற பயம்! வெளுத்த முகமும் மை தீட்டிய கண்களுமாக அந்தப் படம் இன்றும் மியூனிக்கின் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கண்ணில் படுவதை அப்படியே எழுதாமல் உணர்வை வண்ணத்தால் காட்டும் எக்ஸ்பிரஷனிச பாணியில் முகம் வரையக் கற்க விரும்புகிறவர்களுக்கு இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன். ஒன்றை மறந்துவிடக் கூடாது: யாவ்லென்ஸ்கி ரஷ்யாவில் ஓவியர் இல்யா ரெபினிடம் பாடம் கேட்டவர். சாயல் பிடிக்கத் தெரிந்த கைதான் சாயலை மீறியது. வரையத் தெரியாததை மறைக்க இந்தப் பாணி உதவாது.

பலரும் இடறுவது வண்ணத்தில். முகத்தில் பச்சையும் நீலமும் அப்பினால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். 1905இல் ஓவியர் மத்தீஸ் தன் மனைவியை வரைந்த படத்தைப் பாருங்கள். நெற்றியிலிருந்து மூக்கு வழியாக ஒரு பச்சைப் பட்டை இறங்குகிறது. வெளிச்சப் பக்கமும் நிழல் பக்கமும் சந்திக்கிற இடத்தில் அதை வைத்தார். அதனால்தான் அது முகமாக நிற்கிறது. எந்த நிறம் என்பது உங்கள் விருப்பம். அது எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்பதில்தான் சலுகை கிடையாது. கண்ணை இடுக்கிப் பார்த்தால் முகம் இரண்டே திட்டாகத் தெரியும். டர்பன்டைனில் கரைத்த நீலத்தால் முதலில் அந்த இருட்டை மட்டும் போடுங்கள். பிறகு செல்போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பாருங்கள். பிழை இருந்தால் உடனே தெரிந்துவிடும்.

என் அம்மாவை அப்படித்தான் வரைந்தேன். கன்னத்து நிழலுக்குப் பச்சை, மூக்கு நுனியில் கெட்டியாக ஒரு துளி மஞ்சள். அலுத்துப்போய் உட்கார்ந்திருக்கும் அம்மா அப்படியே வந்துவிட்டார். அத்தோடு விட்டிருக்க வேண்டும். மறுநாள் காலை உதட்டை மட்டும் சரிசெய்யலாம் என்று உட்கார்ந்தேன். ஈரமாக இருந்த பச்சையில் சிவப்பு கலந்து, பத்தே நிமிடத்தில் வாயைச் சுற்றிச் சேறு. படத்திலிருந்து அம்மா போய்விட்டார்.

எண்ணெய் வண்ணத்தில் கலந்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து மெல்ல மெல்ல இறுகும். நாள் கணக்கில் ஆகும். அதனால்தான் அடியில் மெல்லிய பூச்சு, மேலே எண்ணெய் கூடிய கெட்டிப் பூச்சு என்ற வரிசை. மாற்றினால் பின்னாளில் வெடிப்பு விடும். இன்னொன்று, எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் உள்ள டப்பாவில் அமுக்கி மூடி வையுங்கள்.

அகலப் பிரஷ் ஒன்று, ஐந்து வண்ணம், தெரிந்த ஒரு முகம். தொடங்க இவ்வளவு போதும். உட்காரும் முன் வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்: அரை மணி நேரம் ஆனதும் வந்து படத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்று.