ரயிலைப் பிடிக்க ஓடும்போது தசைக்குள் என்ன நடக்குது?

விருத்தாசலம் ஜங்ஷன். சென்னை ரயில் பிளாட்பாரத்துக்கு வந்தாச்சு. நிற்பதோ ஓரிரு நிமிடம்தான். பையைத் தூக்கிக்கொண்டு ஒரே ஓட்டம். ஏறி உட்கார்ந்தால் மூச்சு வாங்கும், தொடை எரியும். ‘காலையில சாப்பிடல, அதான் தெம்பு இல்ல’ என்று தோன்றும். உண்மையில், அந்த ஓட்டத்தின் முதல் பத்து விநாடிக்கும் காலை இட்லிக்கும் பெரிதாகச் சம்பந்தமே இல்லை.

தசை சுருங்குவதற்கு நேரடியாகச் செலவாவது ஏடிபி என்ற மூலக்கூறு. முழு வேகத்தில் ஓடினால், கையிருப்பு இரண்டு மூன்று விநாடிக்குத்தான் வரும். தீரத் தீர அதை மறுபடி உருவாக்கித் தருவது தசையிலேயே இருக்கும் பாஸ்போகிரியேட்டின். இதற்கு ஆக்சிஜன் தேவையில்லை. ஆனால், அதுவும் சுமார் 10 விநாடிதான் தாங்கும்.

இந்த இரண்டையும் கண்டறிந்தவர்களில் ஒருவர் நம்ம மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர்: பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். கதர் உடுத்தியதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்பிபிஎஸ் பட்டம் இல்லாமல் எல்எம்எஸ் சான்றிதழோடு வெளியே வந்தவர். தசை இயங்கக் காரணமே லாக்டிக் அமிலம்தான் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து 1927இல் பாஸ்போகிரியேட்டினையும், 1929இல் ஏடிபியையும் அறிவித்தார். ஏடிபியை அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாகக் கண்டறிந்தார். இவ்வளவு செய்தும் சுப்பாராவுக்கு ஹார்வர்டில் நிரந்தரப் பணி கிடைக்கவில்லை. இன்று ஜிம்முக்குப் போகிற பலர் வாங்கும் கிரியேட்டின் டப்பாவிலும் அவர் பெயர் இருக்காது.

பத்து விநாடிக்குப் பிறகு? தசையில் சேமித்த கிளைக்கோஜன் ஆக்சிஜன் இல்லாமலே உடைந்து கைகொடுக்கும். லாக்டேட் உருவாவது இங்கேதான். வேகமான வழி, ஆனால் ஒரு குளுக்கோஸுக்கு 2-3 ஏடிபிதான் லாபம். ஆக்சிஜனோடு எரித்தால் சுமார் 30. விருத்தாசலம் செராமிக் பட்டறைகளில் நாள் முழுக்க அச்சுகளைத் தூக்கி வைப்பவர்களின் தசை பெரும்பாலும் ஓடுவது இந்த நிதானமான வழியில்தான். கொழுப்பும் சேர்ந்து எரியும். மூன்று வழிகளும் எப்போதும் ஒன்றாகவே நடக்கின்றன, பங்குதான் மாறும்.

மறுநாள் கால் வலித்தால் லாக்டிக் அமிலத்தைத் திட்டாதீங்க. லாக்டேட் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் நீங்கிவிடும். இதயமே அதை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். வலிக்குக் காரணம், பழக்கமில்லாத ஓட்டத்தால் தசைநார்களில் ஏற்பட்ட நுண்ணிய சேதம்.

மூச்சு வாங்குவதும் வீண் இல்லை. அந்த ஆக்சிஜனைக் கொண்டுதான் பாஸ்போகிரியேட்டின் திரும்ப நிரம்புகிறது. உளுந்தூர்பேட்டை வருவதற்குள் இன்னொரு ஓட்டத்துக்குத் தசை ரெடி.