இரவுக்கு யார் கணக்கு வைப்பது?

கண்காணிப்பு என்ற சொல்லை எடுத்ததுமே நம் சிறுபத்திரிகை வட்டத்தில் ஃபூக்கோ வந்து உட்கார்ந்துகொள்வார். உடலைப் பார்வைக்குள் கொண்டுவந்து அதிகாரத்துக்குப் பழக்குகிற இடம் மருத்துவமனை என்று நிறைய எழுதியாயிற்று. எனக்குச் சொல்ல இருப்பது அதன் மறுபுறம். மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையுள்ள குப்பங்களில், இரவு பத்து மணிக்கு மேல் நோயாளியாகிறவர் யாருடைய பார்வைக்கும் வராமல் போகிறார்.

'24 மணி நேர சேவை' என்ற பலகை தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2000க்குப் பிறகு படிப்படியாக ஏறியது. 24 மணி நேரமும் டாக்டர் இருப்பார் என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஒரு நிலையத்துக்கு மூன்று செவிலியர், ஆளுக்கு எட்டு மணி நேரம். டாக்டர் பகலில் இருப்பார், இரவில் கூப்பிட்டால் வரவேண்டும். பிரசவத்துக்காகப் போட்ட ஏற்பாடு இது. அந்த வேலையை ஒழுங்காகவே செய்தது. 2001-03இல் லட்சம் பிறப்புக்கு 134 ஆக இருந்த தாய்மார் சாவு 2018-20இல் 54 ஆக இறங்கியது. 2008இல் வந்த 108 வண்டிக்கு இதில் பங்குண்டு, ரத்த வங்கிகளுக்கும் உண்டு. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது, தாய்மார் சாவுகளை ஒவ்வொன்றாக விசாரிக்கும் பழக்கம் இங்கே 1990களிலேயே தொடங்கியது என்பதுதான். எத்தனை மணிக்கு வலி கண்டது, யார் பார்த்தார்கள், எங்கே அனுப்பினார்கள், வண்டி எப்போ வந்தது என்று வீடு வரைக்கும் போய்க் கேட்டார்கள். செத்தவளுக்கு ஒரு கோப்பு இருந்தது.

நெஞ்சுவலிக்கு அந்தக் கோப்பு இல்லை. வலை இழுத்துவிட்டு வந்து மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், காய்ச்சலில் வலிப்பு வந்த குழந்தை, திருக்கழுக்குன்றம் பக்கம் வரப்பில் பாம்பு கடித்தவர், எல்லாருக்கும் இரவில் கிடைக்கக்கூடிய பதில் ஒன்றே: "செங்கல்பட்டுக்குக் கொண்டுபோயிடுங்க." மாமல்லபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். பதிவேட்டில் 'மேல் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார்' என்று ஒரு வரி ஏறும். நிலையத்தைப் பொறுத்தவரை கதை அதோடு முடிந்தது. வழியிலேயே உயிர் போனதா, போய்ச் சேர்ந்தாரா என்பது அந்த வரியில் இல்லை. இதற்குச் செவிலியரைத் திட்டுவது சுலபம். 2015இல் தேர்வு எழுதி ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் கொடுத்த அரசு இது. அதை எதிர்த்து 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் உட்கார்ந்த பிறகுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது. ராத்திரி முழுக்க ஒற்றை ஆளாக நிலையத்தைக் காப்பவருக்கு நாம் வைத்த விலை அது.

சரி, தனியார் கிளினிக்? தமிழ்நாட்டில் அரசு டாக்டர்கள் வேலை நேரத்துக்குப் பிறகு தனியாகப் பார்க்கலாம். காலையில் வரிசையில் நின்று பார்த்த அதே டாக்டரைச் சாயங்காலம் காசு கொடுத்துப் பார்க்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். இவற்றை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997இல் வந்தது. விதிகள் வந்தது 2018இல். 21 வருஷம்! 2023 ஜூனில் திறந்த நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8 என்று இயங்குகின்றன. கூலி இழக்காமல் டாக்டரைப் பார்க்கலாம் என்பதால் இதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் எட்டு மணிக்குக் கதவை மூடியபின் அந்த நோயாளிகள் யார் பொறுப்பு?

நம் ஊரில் படித்த டாக்டர்கள் பலர் வேலை பார்க்கிற பிரிட்டனில் இந்தக் கேள்வி கசப்பாகவே தீர்ந்தது. 2004 ஒப்பந்தத்தில் குடும்ப டாக்டர்கள் இரவுப் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று ஆனது. இடத்தைக் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. கூடவே நல்ல விதிகளும் வந்தன: இரவில் பார்த்த ஒவ்வொரு நோயாளியின் விவரமும் அடுத்த வேலைநாள் காலை 8 மணிக்குள் அவருடைய டாக்டருக்குப் போய்ச் சேரவேண்டும், சிகிச்சைகளில் சிலவற்றை எடுத்துத் தணிக்கை செய்யவேண்டும். அப்படியும் 2008 பிப்ரவரியில், ஜெர்மனியிலிருந்து அந்த வாரக்கடைசி வேலைக்காக வந்த ஒரு டாக்டர், 70 வயதுக்காரர் ஒருவருக்கு 100 மில்லிகிராம் டயாமார்ஃபின் போட்டார், பத்து மடங்கு. அவர் செத்துப்போனார். விதி ஏட்டில் இருந்தது. கம்பெனிக்குக் காசு கொடுத்த அமைப்புகள் பல இடங்களில் அதைச் சரிபார்க்கவில்லை என்று 2010இல் வந்த அரசு அறிக்கையே சொன்னது.

இங்கே ஏட்டிலும் இல்லை. தரச் சான்றிதழுக்கு ஆய்வு வருகிற நாள் முன்பே தெரியும். தரை பளபளக்கும், குப்பைக்கூடைகள் நிறவாரியாக நிற்கும். இரவு இரண்டு மணி அந்தப் படிவத்தில் எவ்வளவு இருக்கும்?

களத்தில் இருக்கும் தோழர்கள் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்வி கேட்கலாம். கடந்த ஓராண்டில் இரவு 8 முதல் காலை 8 வரை நிலையத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? அதில் டாக்டர் நேரில் பார்த்தது எத்தனை பேரை? மேல் சிகிச்சைக்கு அனுப்பியவர்களில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைப் பதிவேட்டில் ஏறிய பெயர் எத்தனை? மூன்றாவதுக்கு இரண்டு பதிவேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாகவேண்டும். 'அப்படித் தொகுக்கப்படவில்லை' என்று பதில் வந்தால் அதையும் எண், தேதியோடு பத்திரமாக வையுங்கள். மேல்முறையீட்டுக்கு 30 நாள் இருக்கிறது.